கரடியின் அச்சத்தைக் கற்றவர்: கோவில்பதாகை நிலையத்துச் செங்கல்வராயன் அவர்களுக்கு ஊழியர்கள் வாசித்தளித்த மடல்

கருமேனிக் கரடியின் கண்ணில் தெரிவது கோபமன்று, கலக்கமே என்று கண்டுரைத்த கல்வியாளரே! மலையேறிப் பிழைக்கும் மக்களின் முகங்களை மறைந்து நின்று காத்த மாண்பாளரே! அடிபட்டவர் சொல்லை ஆற அமரக் கேட்டு, அதிலிருந்தே அறிவியலை வளர்த்த அறிஞரே! அயனம்பாக்கம் ஈன்ற அருஞ்செல்வரே! கோவில்பதாகைக் கரடி ஆராய்ச்சி நிலையத்தைக் கால் நூற்றாண்டு கண்ணெனக் காத்த கண்காணிப்பாளர் திருவாளர் செங்கல்வராயன், எம்.ஏ. அவர்களே! தங்கள் கீழ்ப் பணிபுரியும் பேறு பெற்ற நாங்கள் அனைவரும் நெஞ்சம் நிறையக் கைகூப்பித் தங்கள் முன் நிற்கின்றோம்.

ஐயா,

தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளுக்கான இம்மடலைப் பூந்தமல்லியில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுதி வாங்கிவிடுவதாகத்தான் முதலில் இருந்தோம். அவர்களிடம் வாசகம் ஒன்று ஆயத்தமாகவே இருந்தது. தலைமையாசிரியர் ஓய்வு பெற்றாலும், தாசில்தார் ஓய்வு பெற்றாலும், பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்களாம். அதை வாங்கிவந்து எழுத்தர் கங்காதரனாகிய நான் சமையற்கட்டு வாசலில் நின்று உரக்கப் படித்தேன். கரடிகளுக்குக் கேழ்வரகுக் களி கிண்டும் வேம்புலியம்மாள், துடுப்பை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா இதுல ஐயாவும் இல்ல, கரடியும் இல்லியே. வேற யாருக்கோ எய்தினா மாதிரி கீது" என்றார்.

ஆகவே எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நடந்ததை நடந்தபடியும் பேசியதைப் பேசியபடியும் எழுதியிருக்கிறேன். சபைக்கு முன் வாசிக்கும் மடலில் இத்தகைய பேச்சு வரலாமா என்று பெரியோர் எவரேனும் கேட்டால், வேம்புலியம்மாளைக் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அயனம்பாக்கத்து ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த குடும்பத்தில் பிறந்து, சென்னைப் பட்டணத்தில் விலங்கியல் பயின்று, முதல் வகுப்பில் தேறிய தங்களுக்குக் கல்லூரி ஆசிரியர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் காத்திருந்தது. அவ்வேளையில்தான் வடக்கே மலைப்பக்கத்து ஜமீன்தாரர் ஒருவர், தம் காட்டில் மரம் வெட்டவும் கரி சுடவும் வருவோர் ஆண்டுதோறும் கரடியிடம் சிக்கி முகம் சிதைவது கண்டு மனம் நொந்து, இந்நிலையத்தை நிறுவினார். இரயிலடி பக்கத்தில் இருக்கட்டும் என்று ஆவடியை அடுத்த இக்கோவில்பதாகையில் இடம் வாங்கி, கரடியைப் படிக்க ஒரு படித்தவர் வேண்டும் என்று அறிவித்தார். விண்ணப்பித்தவர் தாங்கள் ஒருவரே என்று கேள்வி.

அன்று தங்கள் தந்தையார் கேட்டதைத் தங்கள் துணைவியார் முத்தம்மாள் அம்மையார் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"எம்.ஏ. பட்ச்சிட்டுக் கரடி மேய்க்கப் போறியா நைனா? ஊர்ல கேட்டா நான் இன்னா சொல்றது?"

"கரடி எதுக்கு மன்சன அடிக்குதுன்னு பாக்கப் போறேன்னு சொல்லு."

"பசிக்கு அடிக்குது. இத்தக் கண்டுபுடிக்க ஒரு எம்.ஏ.வா?"

பசிக்கு அன்று என்று தங்களுக்கு அப்போதே தெரியும். கறையான் புற்றும், காட்டுப் பழமும், இலுப்பைப் பூவும், தேனும் தின்று வாழும் பிராணிக்கு மனிதனைத் தின்னும் ஆசை இல்லை. பின் எதற்காக அடிக்கிறது? தந்தையாரிடம் சொல்ல முடியாத அந்த விடையைத் தேடித்தான் தங்கள் இளமை முழுவதும் கழிந்தது.

அடிபட்டவரை வைத்தியர் பார்த்தால் காயத்தைப் பார்ப்பார். அதிகாரி பார்த்தால் கரடியின் அளவைக் கேட்பார். ஊரார் பார்த்தால் தலைவிதியைப் பேசுவார். தாங்கள் ஒருவரே வேறொன்றைக் கேட்டீர்கள். இதோ இச்சபையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் முனியன் அதற்குச் சாட்சி. மண்ணூர்பேட்டையிலிருந்து மலைக்குக் கரி சுடும் வேலைக்குப் போன முனியன், வலக்கண்ணும் மூக்கில் பாதியும் இழந்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் துண்டால் முகத்தை மூடிக் கிடந்தபோது, தாங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள்.

"கரடி எம்மாம் பெர்சுன்னு கேக்க வந்தியா சாமி?" என்றார் முனியன்.

"இல்ல. அதுக்கு முன்னால நீ இன்னா பண்ணிகினு இருந்தே? அத்தச் சொல்லு."

"ஒண்ணியும் பண்ல. சத்தம் காட்டாம நடந்துகினு இருந்தேன். பாறையச் சுத்தி வந்தா, தோ, கைக்கெட்ற தூரத்துல அது புத்துக்குள்ள மூஞ்ச வுட்டு உறிஞ்சிகினு கீது. என்னப் பாத்து அது கத்திச்சி. அத்தப் பாத்து நான் கத்தினேன். ஓடினேன். அவ்ளோதான்."

"யாரு மொதல்ல கத்தினது?"

முனியன், "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாமி" என்றாராம்.

ஊர் ஊராகச் சென்று அடிபட்டவர் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டீர்கள். ஓசையின்றி நடந்தவர், திருப்பத்தில் திடீரென எதிர்ப்பட்டவர், குட்டியோடு உறங்கிய தாயின் மீது கால் வைக்கப் பார்த்தவர், இவர்களே அடிபட்டவர்கள். கண்பார்வை மங்கிய, தின்னும்போது காது கேளாத அந்தப் பிராணி, அருகில் வந்த பிறகே மனிதனைக் காண்கிறது, கண்டதும் நடுங்குகிறது, நடுங்கியதால் பாய்கிறது. எல்லோரும் சினத்தைக் கண்ட இடத்தில் தாங்கள் பயத்தைக் கண்டீர்கள். கண்டதை மலைமக்களுக்குப் பயன்படும் மூன்று வார்த்தைகளாகச் சுருக்கினீர்கள்: சத்தம் செய்து நட, கண்டால் ஓடாமல் பின்னால் நகர், பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்துப் பிடரியைக் கையால் மூடு.

மூன்றாவது வார்த்தைக்காகத் தாங்கள் செய்ததை இச்சபை அறிய வேண்டும்.

அப்போது நிலையத்தில் ஓர் ஆண் கரடி இருந்தது. மார்பில் வெள்ளைப் பட்டை கோர்ட்டுக்குப் போகிறவர் கழுத்துப் பட்டைபோல் பளிச்சென்று இருந்ததால் அதற்கு 'வக்கீல்' என்று பெயர். வைக்கோல் பொம்மைக்குச் சட்டை போட்டு, கயிறு கட்டி ஓடவிட்டீர்கள். வக்கீல் துரத்திக் கிழித்தது. நிற்கவைத்தீர்கள், முகத்தில் அடித்தது. குப்புறப் போட்டீர்கள், முதுகைக் கீறிப் பார்த்துவிட்டு விலகியது. மலைமக்களிடம் போய்ச் சொன்னீர்கள். பொம்மைக்கு உயிர் இல்லை, எனக்கு இருக்கிறதே என்றார்கள். அது நியாயமான பேச்சு என்று ஒப்புக்கொண்டு திரும்பி வந்தீர்கள்.

பிறகு அம்பத்தூர்த் தையற்காரரிடம் பஞ்சு திணித்த நீண்ட அங்கி ஒன்று தைத்து வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு, தாங்களே வக்கீலின் முற்றத்துக்குள் இறங்கினீர்கள்.

வேம்புலியம்மாள் வேலிக்கு வெளியே நின்று போட்ட சத்தம் ஆவடி வரை கேட்டது. "ஊட்ல சொல்லிகினு வந்தியா ஐயா? அந்தம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்? வெளிய வா மொதல்ல!"

"நீ கத்தினா அது பயந்துக்கும் வேம்புலி. சும்மா இரு."

"அது பயந்துக்குமா! இங்க எனக்கு உசுரு போவுது!"

புற்றில் மூக்கை நுழைத்திருந்த வக்கீலின் பின்னே ஓசையின்றிச் சென்று, திடுக்கிட வைத்து, அது பாய்ந்த கணத்தில் குப்புற விழுந்தீர்கள். பஞ்சு பறந்தது. அங்கியின் முதுகுப்பக்கம் கந்தலானது. முழங்கை கிழிந்தது. காயம் ஆறியபின் நிலையத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, அன்று கையில் நீண்ட மூங்கிற்கழியுடன் வாசலில் நின்ற முனியன் உள்ளே பாயத் துடிக்க, தாங்கள் மண்ணில் முகம் புதைத்தபடியே ஒரு விரலை அசைத்து வேண்டாம் என்றீர்கள். வக்கீல் தங்களை முகர்ந்து, பெருமூச்சு விட்டு, மறுபடி புற்றுக்கே போயிற்று. தாங்கள் எழுந்து வந்து கேட்ட முதல் வார்த்தை, "நான் வியுந்தப்புறம் எத்தினி தபா அடிச்சுது, எண்ணினியா?" என்பது. முனியன் எண்ணவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

அந்த முழங்கைத் தழும்போடு சந்தை சந்தையாகப் போனீர்கள். கோட்டும் தலைப்பாகையுமாக வந்த பட்டணத்துப் படிப்பாளி, புளி மூட்டைகளுக்கும் கோழிக்கூடைகளுக்கும் நடுவே புழுதியில் குப்புறப் படுத்துக் காட்டினார். மரக் கண்டிராக்டர் ஒருவர் வயிறு வலிக்கச் சிரித்தார். "கரடி வந்தா பாய் போட்டுப் படுத்துக்கோன்றார்டா தொரை!" என்றார். தாங்களும் படுத்தபடியே சிரித்தீர்கள். மறு சந்தையிலும் படுத்தீர்கள். நடக்கையில் ஓசை எழ, வெட்டரிவாளின் பிடியில் மாட்டுச் சலங்கை ஒன்றைக் கட்டிக்கொள்ளும் வழக்கமும் அப்படித்தான் பரவியது. இரண்டு மூன்று ஆண்டில் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முகம் மூடிக் கிடப்பவர் அருகிப் போயினர்.

தங்கள் குறைகளையும் இங்கே சொல்லிவிடுகிறோம். சாப்பாட்டு வேளையைத் தாங்கள் ஒருநாளும் நினைவில் வைத்ததில்லை. கூண்டுக் கம்பியைத் தட்டி வேடிக்கை காட்டியவர் ஜமீன்தாரரின் மைத்துனரே ஆனாலும் வெளியே அனுப்பினீர்கள். தங்கள் உடம்பில் ஊறிய கரடி வாடைக்கு அஞ்சி ஆவடி ஸ்டேஷனில் எந்த ஜட்காக் குதிரையும் தங்களை ஏற்றாது. தொலைவில் தாங்கள் வருவது தெரிந்ததுமே வண்டிக்காரர்கள் குதிரையைத் திருப்பிக் கட்டுவார்கள். மழையிலும் வெயிலிலும் தாங்கள் நடந்தே வந்தது சிக்கனத்தால் என்று நினைத்தவர்கள் இச்சபையில் உண்டு, உண்மை இதுதான்.

இனி, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நாங்கள் பல நாள் பேசிய ஒரு செய்தி. சொல்லத்தான் வேண்டும் என்று முனியன் சொன்னதால் சொல்கிறேன்.

நாற்பத்திரண்டாம் ஆண்டுக் கோடை. பட்டணத்தின்மேல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பேச்சு. பூந்தமல்லிச் சாலை முழுதும் மாட்டு வண்டிகள். ஆவடி வழியே போன இரயில்களில் கால்வைக்க இடமில்லை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து, ஆகவே கரடிகளை வெள்ளிக்கிழமை சுட்டுவிடுவார்கள் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. நம்மிடம் அப்போது நான்கு பெரிய கரடிகள். இளையவை இரண்டு, முதுகில் குட்டியைச் சுமந்த 'கருப்பட்டி' என்னும் தாய், கிழடாகிப் பல் விழுந்த வக்கீல்.

ஜமீன் மலையில் கல் மதிலோடு பழைய யானைக்கொட்டடி ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய்விட்டால் உத்தரவு செல்லாது. அம்பத்தூரிலிருந்து பார வண்டிகளை வரவழைத்தீர்கள். கரடி வாடை பட்டதும் மாடுகள் நுகத்தடியை முறித்துக்கொண்டு ஓடின. ஆவடி ஸ்டேஷனில் போய் நின்றீர்கள். சனங்களுக்கே இடமில்லாத வேளையில் கரடிக்கு வண்டி கேட்ட தங்களை எல்லோரும் பைத்தியக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். விடாமல் நின்றீர்கள். வடக்கே போகும் சரக்கு வண்டியில் பாதிப் பெட்டி கிடைத்தது. அதில் மூன்று கூண்டுகள்தான் அடங்கும்.

எவை மூன்று என்று எவரும் கேட்கத் துணியவில்லை. முனியன் மட்டும் கேட்டார்.

"வக்கீல ஏத்து சாமி. அது இல்லாங்காட்டி இங்க இன்னா கீது?"

"அதுக்குப் பல்லு இல்ல முனியா. எய்ந்து நிக்கவே முடியல. பொட்டியில போட்டுக் குலுக்கினா வழியிலயே போய்டும். போய்ச் சேந்தாலும் அங்க களி கிண்டிப் போட யார் கீறாங்க?"

"அப்ப அது இன்னா பாவம் பண்ணிச்சி?"

"ஒரு பாவமும் பண்ல" என்றீர்கள்.

முனியன் மூன்று கூண்டுகளோடு வியாழக்கிழமை இரயிலேறினார். வெள்ளிக்கிழமை காலை சிப்பாய்கள் வந்தார்கள். அவர்களை வேப்பமரத்துக்கு அப்பால், காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் இடத்தில் நிற்கச் சொன்னீர்கள். "புது ஆளு வாடை பட்டா பயந்துக்கும். பயந்து சாவக்கூடாது" என்று அவர்களின் தலைவரிடம் சொன்னீர்கள். அவரும் சரி என்றார். பலாச்சுளையும் வெல்லமும் பிசைந்த களியை வேம்புலியம்மாள் அழுதுகொண்டே கொண்டுவந்து வைத்தார். தாங்கள் கம்பிக்கு இப்பால் சப்பணமிட்டு உட்கார்ந்து, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, தினமும் பேசுவதுபோல் ஏதோ பேசிக்கொண்டிருந்தீர்கள். வக்கீலின் மூக்கு கிண்ணத்துக்குள் இருந்தது. பிறகு தாங்கள் சிப்பாயைப் பார்த்துத் தலையசைத்தீர்கள்.

அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஐயா. அதை நான் கண்ணால் கண்டேன். அந்தக் கிண்ணத்தை எங்களில் ஒருவரையும் தொடவிடாமல் தாங்களே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவினீர்கள்.

மலையிலிருந்து முனியன் திரும்பியதும், சுடச் சொன்னது யார் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். வாரங்கள் கழிந்தன, சனங்கள் பட்டணத்துக்குத் திரும்பத் தொடங்கினார்கள். ஒரு நாள் முனியன் தங்கள் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"குண்டு எங்க சாமி? நம்ம பக்கம் ஒண்ணு கூட வியலியே."

"வியாதுன்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும் முனியா? வியுந்து, கம்பி ஒடஞ்சி, வெளிய வந்து, வேம்புலி கொயந்தைங்க மேல பாஞ்சிருந்தா?"

"அது பாயாது. பல்லில்லாத கெயவன்."

"பயந்தா பாயும். எனக்கும் ஒனக்கும் தெரியாததா?"

முனியன் திரும்பி நடந்தார். அன்று முதல் தங்களோடு பேசுவதை நிறுத்தினார். மழைக்காலம் முழுதும் நான்தான் இருவருக்கும் இடையே தூது. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் தாங்கள் உள்ளே வந்தால் அவர் வெளியே போய்விடுவார். தாங்கள் அவரை ஒரு சொல் கடிந்ததில்லை. வேறு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னபோது, "அவன் கோவத்துல இன்னா தப்பு?" என்றீர்கள்.

கார்த்திகை மாதத்தில் ஆவடிப் பட்டாளத்துக் கூடாரங்களைச் சுற்றி வித்தை காட்டிக்கொண்டிருந்த ஒருவர், மூக்கில் வளையம் போட்டுச் சீழ் பிடித்த குட்டி ஒன்றை நம் வாசலில் விட்டுப் போனார். முனியன் அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு நேரே தங்கள் அறைக்குள் வந்தார்.

"நாக்கு வெளுத்துகீது. பாலு எறங்கல. வந்து பாருங்க" என்றார்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் தங்களிடம் பேசிய வார்த்தை அது. இருவரும் கொட்டகையில் குந்தி, தாங்கள் வளையத்தை அறுத்து எடுக்க, அவர் பஞ்சில் பாலை நனைத்து வாயில் விட, பொழுது சாய்வதற்குள் குட்டி உறிஞ்சத் தொடங்கியது. மன்னிப்பு என்ற சொல் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. "மூக்கு ஆறினா இது பெர்சா வரும் சாமி" என்றார் முனியன். "வரும்" என்றீர்கள். மறுநாள் நான் தூது போகும் வேலை தீர்ந்தது. உலக யுத்தம் ஓய்ந்த பின் கருப்பட்டியும், வளர்ந்துவிட்ட அதன் குட்டியும், மற்ற இரண்டும் மலையிலிருந்து திரும்பி வந்தன. அன்று கேழ்வரகுக் களி எங்கள் அனைவருக்கும் உண்டு.

இன்னும் ஒரு செய்தியோடு முடிக்கிறேன். சென்ற மாசி மாதம் தங்கள் கடைசி மலைச் சுற்றுப்பயணத்துக்கு நான் உடன் வந்தேன். அடிவாரத்துச் சந்தையில் புளி விற்றுக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தியின் தோளில் நகக்கீறல் தழும்பு தெரிந்தது. மடியில் ஒரு பெண் குழந்தை. தாங்கள் வழக்கப்படி விசாரித்தீர்கள்.

"போன வருசம் கரடி அடிச்சுது ஐயா. பாப்பாவ அடியில போட்டுக் குப்புறப் படுத்துக்கினேன். பின்னங்கழுத்த மூடிக்கினேன். ரெண்டு கீறு கீறிட்டுப் போயிடுச்சு."

"அப்டிப் படுக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டீர்கள்.

அவள் தங்களை வியப்போடு பார்த்தாள். "யாரு சொல்லணும்? எங்க மலையில எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஆதிகாலத்துல இருந்து அப்டித்தான்" என்றாள்.

நான் வாய் திறந்தேன். இவர்தான், இதே சந்தையில்தான் என்று சொல்லப் போனேன். தாங்கள் என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். புளி வாங்கிக்கொண்டு நடந்தோம். சற்றுத் தூரம் வந்த பிறகு சொன்னீர்கள்:

"சொல்லாதே கங்காதரா. இப்பத்தான் அது அவங்களுது ஆச்சி."

தங்களை மீறி இன்று சொல்லிவிட்டேன், பொறுத்தருள்க.

அச்சத்தை ஆராய்ந்து அன்பை விளைத்த அண்ணலே! பதக்கமும் பட்டமும் பாராமல் பாடுபட்ட பண்பாளரே! இனித் தாங்கள் வேளைக்கு உண்டு, வேண்டிய மட்டும் உறங்கி, முத்தம்மாள் அம்மையாரோடு அயனம்பாக்கத்தில் நலமே வாழ்க! நோய் தங்களை அண்டாதிருக்க! வாடை மெல்ல நீங்கி, ஜட்காக் குதிரைகள் தங்களை ஏற்றிச் செல்லும் காலமும் வருக! மலையிலிருந்து மாலையில் இறங்கி, கண்ணும் மூக்கும் சிரிப்பும் குறையாத முகத்தோடு தம் வீட்டுக் கதவைத் தட்டும் எளிய மக்கள், பெயர் தெரியாமலே தங்களை வாழ்த்துகிறார்கள். பெயர் தெரிந்த நாங்களும் அவர்களோடு சேர்ந்து வாழ்த்துகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பை என்றும் மறவாத
முனியன், வேம்புலியம்மாள், கங்காதரன்
மற்றும் நிலைய ஊழியர்கள் அனைவரும்

கோவில்பதாகை,
விய வருடம், ஆனி மாதம்,
1946.